வலிப்புக்கு எதிர்ப்பு சக்தியைக் கூட்டலாமா?

வீட்டில் ஒருவருக்கு வலிப்பு வந்துவிட்டால், பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது இதைச் சொல்லாமல் போக மாட்டார்: "உடம்புல எதிர்ப்பு சக்தி இல்ல, அதான் இப்படி. அதைக் கூட்டுற மாதிரி ஏதாவது வாங்கிக் கொடுங்க." ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கடைக்குக் கடை மலைத்தேனும் லேகியமும் மூலிகைப் பொடியும் கிடைப்பதால் இந்த யோசனையை நிறைவேற்றுவதும் சுலபம். எதிர்ப்பு சக்திக்கும் வலிப்புக்கும் தொடர்பு உண்டுதான். ஆனால் அந்தத் தொடர்பு உள்ள வலிப்புகளில் எதிர்ப்பு சக்தி குறைந்துபோய் இருப்பதில்லை. ஆள் தெரியாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. மருத்துவர்கள் அதைக் கூட்டப் பார்ப்பதில்லை, அடக்கப் பார்க்கிறார்கள்.

எத்தனை பேருக்கு இது பொருந்தும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2017-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் வலிப்புநோய்க்கான காரணங்களை ஆறாகப் பிரித்தது: மூளையில் தழும்பு, கட்டி போன்ற அமைப்புக் கோளாறு, மரபணு, தொற்று, வளர்சிதை மாற்றக் கோளாறு, எதிர்ப்பு மண்டலம், காரணம் தெரியாதவை. ஐந்தாவதாக வரும் எதிர்ப்பு மண்டலத்தின் பங்கு சிறியது. வலிப்புநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு வழக்கமான வலிப்பு மாத்திரைகளே போதும். சிறு வயதிலிருந்து ஒரே மாத்திரையில் நன்றாக இருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. ஒரு கூட்டம் அணுக்கள் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் துடித்தால் அதுதான் வலிப்பு. துடிப்பைத் தூண்ட குளுட்டமேட் என்ற வேதிப்பொருளும், அடக்க காபா என்ற வேதிப்பொருளும் இருக்கின்றன. இவற்றை வாங்கிக்கொள்ள நரம்பணுவின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்ற புரதங்கள் உண்டு. இந்த ஏற்பிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

எதிர்ப்பு மண்டலம் மூளைக்குள் இரண்டு விதமாக நுழைகிறது. ஒன்று, மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் அணுக்கள். அடி, தொற்று, காய்ச்சல் என எது வந்தாலும் இவை விழித்துக்கொண்டு இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. அந்தப் பொருள் குளுட்டமேட் ஏற்பி வழியாகக் கால்சியம் உள்ளே பாய்வதைக் கூட்டுகிறது. அணு சுலபத்தில் துடிக்கத் தயாராகிறது. வலிப்பு வந்து போனால் அதுவே மறுபடியும் அழற்சியைக் கிளப்புகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பும் கொஞ்சம் கசியத் தொடங்குகிறது. அடிக்கடி வலிப்பு வந்தால் அடுத்தது வருவதும் எளிதாகிவிடுவதற்கு இந்தச் சுழலும் ஒரு காரணம். இதைக் கேட்டுவிட்டு சிலர் வலி மாத்திரைகளை வாங்கி விழுங்குகிறார்கள். புரூஃபென் போன்றவை சாதாரண வலிப்புநோய்க்கு மருந்தல்ல. வயிற்றைப் புண்ணாக்குவதைத் தவிர அவை இந்த விஷயத்தில் எதையும் செய்வதில்லை.

இந்த முதல் வகை மிக முரட்டுத்தனமாக வரும் நிலை ஒன்று உண்டு. நன்றாகப் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் வரும். சில நாள் கழித்து நிற்காத வலிப்பு தொடங்கும். எந்த வலிப்பு மருந்துக்கும் அடங்காது. அங்கே இன்டர்லூக்கின்-1-ஐத் தடுக்கும் அனகின்ரா ஊசியும், கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவும் சிகிச்சையில் இடம்பெறுகின்றன. அது தீவிர சிகிச்சைப் பிரிவில் நடக்க வேண்டிய வேலை.

இரண்டாவது வகையில் எதிர்ப்பு மண்டலம் குறி வைத்துத் தாக்குகிறது, ஆனால் தவறான குறியை. இது எப்படி நடக்கும் என்பதற்கு நீலகிரியோடு தொடர்புள்ள ஒரு பழைய சான்று இருக்கிறது. குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-ல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் வெறிநாய்க்கடிக்கு அங்கும், நாட்டின் வேறு நிலையங்களிலும் தயாரானது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த தடுப்பூசி. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்களே, அதுதான். வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, செயலிழக்கச் செய்து, அந்த மூளைத் திசுவோடு சேர்த்தே ஊசியாக்கினார்கள். ஆட்டு மூளையின் நரம்புறைப் புரதமும் மனித மூளையின் நரம்புறைப் புரதமும் ஏறக்குறைய ஒன்று. ஊசி போட்டவர்களில் மிகச் சிலருக்கு உடல் அந்தப் புரதத்தையும் பகையாகக் கணக்கில் எடுத்து, தன் மூளையையே தாக்கியது. பக்கவாதம், நினைவிழப்பு, சிலருக்கு வலிப்பு. வெறிநோய் வந்தால் சாவு நிச்சயம் என்பதால் அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் ஊசி போட்டார்கள். இந்தியாவில் இவ்வகை ஊசியின் தயாரிப்பு 2004 இறுதியோடு நின்றுவிட்டது. இப்போது போடுவது ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் செய்த தடுப்பூசி, அதில் மூளைத் திசு கிடையாது. நாய் கடித்தால், வலிப்புநோய் உள்ளவரானாலும், ஒரு நாள்கூடத் தள்ளாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

குறி தவறும் இந்தத் தாக்குதலை ஊசி எதுவும் இல்லாமல் உடல் தானாகவே தொடங்குவதும் உண்டு. 2007-ல் நரம்பியல் மருத்துவர் யோசெப் டால்மாவும் அவரது குழுவினரும் 12 பெண்களைப் பற்றி எழுதினார்கள். எல்லோருக்கும் மனநோய் போலத் தொடங்கி, வலிப்பு வந்து, நினைவு மங்கியிருந்தது. எல்லோருக்கும் டெரட்டோமா என்ற கட்டி, பெரும்பாலும் சினைப்பையில். அந்தக் கட்டிக்குள் முடி, பல், நரம்புத் திசு எல்லாம் வளரும். அந்த நரம்புத் திசுவுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மூளையிலுள்ள என்.எம்.டி.ஏ. என்ற குளுட்டமேட் ஏற்பியில் போய் ஒட்டுகிறது. ஒட்டிய ஏற்பிகளை நரம்பணு உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேற்பரப்பில் ஏற்பிகள் குறைந்துவிடுகின்றன. கட்டி இல்லாமலும் இது வரும், குழந்தைகளுக்கும் ஆண்களுக்கும் வரும். ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் குணமான சில வாரங்களில் புதிதாகக் கிளம்புவதும் உண்டு.

நம் ஊரில் இது எப்படித் தெரியும்? கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி. ஒரு வாரம் தலைவலி, லேசான காய்ச்சல். பிறகு தூக்கம் போகிறது; யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்கிறாள்; சம்பந்தமில்லாமல் சிரிக்கிறாள். பத்து, பதினைந்து நாளில் பேச்சு குறைகிறது. வாய் தானாக மெல்லுவதுபோல அசைகிறது, நாக்கு வெளியே வந்து வந்து போகிறது. இதற்குள் பேய் ஓட்டவும் கூட்டிப்போயிருப்பார்கள், மனநல மருத்துவரிடமும் காட்டியிருப்பார்கள். நடுவில் ஒருநாள் வலிப்பு. மனநோய் என்று நினைத்த ஒன்றில் வலிப்போ, வாய் அசைவோ, காரணமில்லாத காய்ச்சலோ சேர்ந்துவிட்டால் அதை வெறும் மனநோயாக விட்டுவிடக் கூடாது. 

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு வருவது வேறு மாதிரி. எல்.ஜி.ஐ.1 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் அங்கே காரணம். ஆண்களுக்குச் சற்று அதிகம். டீ டம்ளரைப் பிடித்திருக்கும் கை திடீரென்று வெட்டி மடங்கும். அதே பக்கத்து வாயோரம் ஒரு இழுப்பு இழுக்கும். இரண்டு, மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். டம்ளர் கீழே கிடக்கும், அவர் விழித்தபடி நிற்பார், நினைவு பெரும்பாலும் தப்பியிருக்காது. ஒரு நாளில் ஐம்பது தடவைகூட வரலாம். குளிரில் உதறுகிறது, நரம்புத் தளர்ச்சி என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் கீழே விழுந்து நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நாம் பழகியிருக்கிறோம். சில வாரங்களில் காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மறக்கத் தொடங்கும். இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும்; சரியான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். இங்கே ஒரு சிக்கல் உண்டு. கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின் ஆகிய வலிப்பு மாத்திரைகளும் சோடியத்தைக் குறைக்கும். மாத்திரை தொடங்கும் முன்பே ஒருமுறை சோடியம் பார்த்து வைக்காவிட்டால், குறைந்தது நோயாலா மருந்தாலா என்று பிறகு பிரிக்க முடியாது. இந்த வகைச் சிறு வெட்டுகள் வலிப்பு மாத்திரைகளுக்கு அவ்வளவாக அடங்குவதில்லை. எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் ஸ்டீராய்டுக்கு நன்றாக அடங்கும். நினைவு கெடும் முன்பே கொடுத்துவிட்டால் நினைவையும் பெருமளவு காக்கலாம்.

எதிர்ப்பொருள்கள் ஏற்பிகளில் ஒட்டும் இந்த வகை, பூட்டின் துவாரத்தில் மெழுகை ஊற்றியது போன்றது. மெழுகை எடுத்துவிட்டால் பூட்டு திறக்கும். அதனால்தான் மாதக்கணக்கில் நினைவின்றிக் கிடந்தவர்களும் எழுந்து வருகிறார்கள். என்.எம்.டி.ஏ. நோயாளிகள் ஐந்நூறு பேருக்கு மேல் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், இரண்டாண்டு முடிவில் ஐந்தில் நான்கு பேர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். எதிர்ப்பு மண்டலத்தின் டி அணுக்கள் நேராக நரம்பணுக்களைக் கொல்லும் நோய்களில் அந்த வாய்ப்பு இல்லை. ராஸ்முசன் மூளை அழற்சி அப்படிப்பட்டது. 1958-ல் மான்ட்ரியலில் விவரிக்கப்பட்டது; குழந்தைகளின் மூளையில் ஒரு பாதியை மட்டும் அரிக்கும். ஒரு கையோ முகத்தின் ஒரு பக்கமோ நாள்கணக்கில் துடித்துக்கொண்டே இருக்கும். கெட்டுப்போன பாதியை அறுவை செய்து துண்டிப்பதுதான் வலிப்பை நிறுத்தும் வழி.

இவையெல்லாம் அரியவை. நம் நாட்டில் எதிர்ப்பு மண்டலம் வலிப்பில் கைவைப்பதை அன்றாடம் பார்க்க வேண்டுமானால் நாடாப்புழுவைப் பார்க்க வேண்டும். பலர் நினைப்பதுபோலப் பன்றிக்கறி தின்றதால் மூளையில் புழு வருவதில்லை. சரியாக வேகாத கறியைத் தின்றவர் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவர் மலத்தில் முட்டைகள் வெளியேறுகின்றன. அந்த முட்டை மண், தண்ணீர், கழுவாத கை வழியாக இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், அவருக்குத்தான் மூளையில் நீர்க்கட்டி. சுத்த சைவம் சாப்பிடுகிறவருக்கும் வருவது இதனால்தான். ஊட்டி சாலையோரத்தில் இலையோடு கட்டி விற்கும் கேரட்டை அப்படியே கடித்துக்கொண்டு போகிறோமே, அங்கே கவனம் வேண்டும். தோட்டத்துப் பக்கம் கேரட்டைக் கழுவுவது மண் போவதற்கான கழுவல். பச்சையாகத் தின்பதற்கான கழுவல் வீட்டில் நடக்க வேண்டும்: ஓடும் குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்து, தோலைச் சீவி. முட்டைக்கோஸும் லெட்டூஸும் என்றால் இதழ் இதழாகப் பிரித்து. முட்டை கண்ணுக்குத் தெரியாது, ஒட்டிக்கொள்ளும். வேகவைத்தால் செத்துவிடும்.

இதில் எதிர்ப்பு மண்டலம் எங்கே வருகிறது? புழுக்கட்டி உயிரோடு இருக்கும்வரை உடலின் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டு அமைதியாக மூளையில் கிடக்கிறது, சில சமயம் ஆண்டுக்கணக்கில். அது சாகத் தொடங்கும்போது உள்ளிருப்பது கசிகிறது. அப்போதுதான் எதிர்ப்பு அணுக்கள் சூழ்ந்துகொள்கின்றன, சுற்றிலும் வீக்கம் வருகிறது, வலிப்பு வருகிறது. ஸ்கேனில் வளையம் போலத் தெரியும். ஒரு காலத்தில் இந்த வளையங்களைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்து, பல புழுக்கட்டியின் எச்சமே என்று காட்டினார்கள். 20 மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஒற்றை வளையம், மூளையை ஒரு பக்கமாகத் தள்ளாமல் இருந்தால், அது புழுக்கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சிகிச்சையில் புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல் கொடுப்பார்கள், எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், இரண்டு வேளையாகப் பிரித்து. அதற்கு முன்பாகவே ஸ்டீராய்டைத் தொடங்குவார்கள். புழுவை மருந்து கொல்லும்போது உடல் இன்னும் ஆவேசமாகப் பாயும் என்பதால் இந்த ஏற்பாடு. எனவே தலையில் புழு இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டவுடன் மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கித் தொடர்ந்து போட்டுக்கொள்வது ஆபத்து. கண்ணுக்குள் கட்டி இல்லை என்று பார்த்த பிறகே மருத்துவர்கள்கூடத் தொடங்குவார்கள்.

இனி பரிசோதனைகள். புதிதாக வலிப்பு வந்தவருக்கு, மூன்று மாதத்துக்குள்ளாக நினைவோ நடத்தையோ மாறியிருந்தால் எதிர்ப்பு மண்டலக் காரணத்தைத் தேட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். எம்.ஆர்.ஐ. சரியாக இருக்கிறது என்பதால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது, என்.எம்.டி.ஏ. நோயில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது சரியாகவே இருக்கும். மூளையின் மின்துடிப்பைப் பதியும் இ.இ.ஜி.யும் முதுகுத் தண்டிலிருந்து எடுக்கும் நீரும்தான் அங்கே அதிகம் பேசும். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயத்தில் பல குடும்பங்கள் மறுத்துவிடுகின்றன. அந்த ஊசி இறங்கும் இடத்தில் தண்டுவடமே இல்லை. அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஓரிரு நாள் தலைவலி வரலாம். மறுத்தால் என்ன ஆகும் என்றால், ரத்தத்தில் மட்டும் பார்த்து என்.எம்.டி.ஏ. எதிர்ப்பொருளை ஏறக்குறைய ஏழில் ஒருவரிடம் தவறவிடுவார்கள். எல்.ஜி.ஐ.1 நேர்மாறு, அது ரத்தத்தில்தான் நன்றாகப் பிடிபடும். இரண்டையும் சேர்த்தே அனுப்புவது இதற்காக.

மாதிரி எடுக்கும் வரிசையிலும் தவறு நடக்கும். சிகிச்சைக்காக இம்யூனோகுளோபுலின் (தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்கள்) ஏற்றிய பிறகு ரத்தம் எடுத்தால், அதில் ரத்ததானம் செய்த ஆயிரக்கணக்கானோரின் எதிர்ப்பொருளும் கலந்திருக்கும், முடிவை நம்ப முடியாது. முதலில் மாதிரி, பிறகு மருந்து. இன்னொன்று: காட் என்ற எதிர்ப்பொருள் சிறிதளவு இருப்பது இன்சுலின் போடும் முதல் வகை நீரிழிவுக்காரர்களுக்குச் சகஜம். அதை வைத்து மட்டும் வலிப்புக்குக் காரணம் சொல்ல முடியாது. மிக உயர்ந்த அளவில் இருந்தால்தான் பொருள்.

மலையில் இருப்பவர்களுக்கு இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். காய்ச்சலோடு வலிப்பு என்றால், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துக்கு முன் தொற்று இல்லை என்று பார்த்தாக வேண்டும். புதரிலும் புல்லிலும் இருக்கும் சின்னஞ்சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் மூளையைத் தொட்டு வலிப்பையும் கொண்டுவரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கருப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது என்பதால் யாரும் சொல்ல மாட்டார்கள். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்புக் கயிறு படும் இடம் என்று தேடிப் பார்க்க வேண்டும். விலை குறைந்த டாக்ஸிசைக்ளினுக்கு அடங்கும் நோய் அது.

காரணம் எதிர்ப்பு மண்டலம்தான் என்று வலுவாகத் தோன்றினால், எதிர்ப்பொருள் முடிவு வரும்வரை காத்திருப்பதில்லை. மீத்தைல் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, பெரியவர்களுக்கு நாளுக்கு 1 கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் நரம்பு வழியாக. அதோடு அல்லது அடுத்து இம்யூனோகுளோபுலின், கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள். விலை அதிகம், எடை கூடக் கூடச் செலவும் கூடும். அல்லது ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவது, ஒருநாள் விட்டு ஒருநாளாக ஐந்து முதல் ஏழு தடவை. கேட்கவில்லை என்றால் எதிர்ப்பு மண்டலத்தை இன்னும் பலமாக அடக்கும் ரிடுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு. கட்டி இருந்தால் அதை எடுத்தே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டு ஊசி மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் நோய் நீளும்.

ஸ்டீராய்டு என்றாலே பயம், அல்லது பயமே இல்லாமல் இஷ்டத்துக்கு விழுங்குவது என்று இரண்டு கோடியிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். தொடங்கும் முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், மார்பு எக்ஸ்ரே பார்க்க வேண்டும். அடங்கிக் கிடக்கும் காசநோய் எழுந்துவிடும். ரிடுக்சிமாபுக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை அவசியம். தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கிறவர்களிடம் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடற்புழு அறிகுறியே இல்லாமல் இருக்கும்; ஸ்டீராய்டு போனால் உடல் முழுக்கப் பரவி உயிருக்கே உலை வைக்கும். மருத்துவரிடம் தோட்ட வேலை செய்வதைச் சொல்லிவிடுங்கள், முன்கூட்டியே அதற்கு மருந்து கொடுப்பார். வாரக்கணக்கில் எடுத்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, அதற்குள் உடலின் சொந்தச் சுரப்பு தூங்கிப்போயிருக்கும். ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவை ஸ்டீராய்டை வேகமாக உடைத்துவிடுவதால், அதே அளவு மாத்திரை குறைவாக வேலை செய்யும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு வருவோம். காய்ச்சல் எந்த வலிப்புநோயாளிக்கும் வலிப்பை எளிதாக்கும், மேலே சொன்ன இன்டர்லூக்கின் வழியாக. பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஒரு வேளைக்குக் கொடுக்கலாம். அது உடம்பு அலுப்புக்குத்தான்; ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வரும் காய்ச்சல் வலிப்பை அது தடுப்பதில்லை. நீலகிரித் தைலத்தை விட்டுவிடுங்கள். ஊர்ப்பெருமை இருக்கட்டும், யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் ஆவி பிடித்தாலும், அழுந்தத் தேய்த்தாலும் சிலருக்கு வலிப்பைத் தூண்டுவதைப் பெங்களூரு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழந்தை சில மில்லி குடித்துவிட்டால் அதுவே அவசரச் சிகிச்சைக்கான காரணம்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். சாவிக்கொத்தும் இரும்பும் கையில் திணிப்பதால் எதுவும் நிற்காது. அது தானாக நிற்கும் நேரத்தில் நின்றிருக்கும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். ஆனால் ஊட்டியிலிருந்து கோவைக்குச் சுமார் 90 கிலோமீட்டர், மழைக்காலத்தில் மரம் விழுந்தால் எப்போது போய்ச் சேருவோம் என்பது யார் கையிலும் இல்லை. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு இறங்குவதும் அப்படித்தான். ஆகவே நீண்ட வலிப்பு வரும் வாய்ப்புள்ளவர் வீட்டில் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே இருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். ஒரு அழுத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபடும். பழைய பாட்டிலின் அழுத்துக் கணக்கைப் புதியதற்குப் பயன்படுத்தினால் பாதி மருந்தோ இரட்டை மருந்தோ போய்விடும். புதிய பாட்டில் வாங்கும்போதெல்லாம் எத்தனை அழுத்து என்பதை எழுதி ஒட்டுங்கள்.

மருத்துவரைப் பார்க்கக் கீழே இறங்கும்போது வலிப்பின் வீடியோ கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. முகமும் இரண்டு கைகளும் ஒரே படத்தில் தெரிய எடுங்கள், இரண்டு விநாடி வெட்டானாலும் பரவாயில்லை. எந்த வாரத்தில் தூக்கம் போனது, எப்போது பேச்சு மாறியது, எப்போது முதல் வலிப்பு என்று தேதி வரிசையில் ஒரு தாள் இருந்தால் போதும்.

மாத்திரை ஆயுள் முழுக்கவா என்பது எல்லோரும் கேட்பது. அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போது வந்த வலிப்பு ஒன்று, அழற்சி அணைந்த பிறகும் தழும்பால் தொடரும் வலிப்புநோய் வேறொன்று என்று 2020 முதல் சர்வதேசக் கழகமே பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. என்.எம்.டி.ஏ., எல்.ஜி.ஐ.1 இரண்டிலும் பெரும்பாலோருக்கு முதல் வகைதான். நோய் அடங்கியபின் வலிப்பு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிட முடிகிறது. காட் எதிர்ப்பொருள் உயர்ந்தவர்களுக்கும் ராஸ்முசன் பிள்ளைகளுக்கும் அப்படி இல்லை. நிறுத்தும்போது ஸ்டீராய்டையும் வலிப்பு மாத்திரையையும் ஒரே சமயத்தில் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். நடுவில் ஒரு வலிப்பு வந்தால் நோய் திரும்பியதா, மாத்திரை குறைந்ததாலா என்று சொல்ல முடியாமல், இரண்டையும் பழைய அளவிலிருந்து தொடங்க வேண்டிவரும்.